இரண்டு பெட்டிக்கு ஒரே சாவி

அம்மா, நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்கு நல்ல பெயர் வர வேண்டும் என்று ஒரு வரியையும் மாற்ற மாட்டேன். உனக்கு நல்ல பெயர் வர வேண்டும் என்றும் மாற்ற மாட்டேன். நீ கோபக்காரி. அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

இன்று பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆய்வகத்தில் மண்ணெண்ணெய் கொட்டிவிட்டது. சோடியம் போட்டு வைத்திருக்கும் புட்டி. துடைப்பதற்கு ஆய்வக உதவியாளர் ஒரு பிடி பனியன் வேஸ்ட்டைக் கொடுத்தார். பல நிறத்தில், நூல் நூலாகப் பிரிந்த துணி. அது மண்ணெண்ணெயை உறிஞ்சியதும் நீ வந்துவிட்டாய். வேலை முடிந்து வந்ததும் குழாயடியில் உட்கார்ந்து, முழங்கை வரை ஏறிய கறுப்பு எண்ணெயை இப்படித்தான் தேய்த்து எடுப்பாய். தோல் சிவக்கும் வரை விடமாட்டாய். அந்த வாசனை இல்லாமல் நீ என்னைத் தொட்டதாக எனக்கு நினைவில்லை. மேசை காய்ந்த பிறகும் நான் துடைத்துக்கொண்டே இருந்தேன். கூட நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மூக்கண்டப்பள்ளியில் நம் வீட்டுச் சுவர்க் கண்ணாடி எப்போதும் ஆடிக்கொண்டேயிருக்கும். இரண்டு தெரு தள்ளி உன் பிரஸ் ஷாப். தகட்டை வெட்டும் ஒவ்வோர் அடிக்கும் கண்ணாடியில் என் முகம் ஒரு முறை உடைந்து சேரும். அந்த ஷாப்புக்கு நீதான் எலக்ட்ரீஷியன். ஐ.டி.ஐ. படித்து அந்த வேலைக்கு வந்த ஒரே பெண். அங்கே இருந்த எல்லா ஆண்களும் உனக்குப் பயந்தார்கள்.

ஏன் பயந்தார்கள் என்பதை ஒரு சனிக்கிழமை நான் கண்ணால் பார்த்தேன். உனக்குச் சாப்பாடு எடுத்து வந்திருந்தேன். நீ மெயின் சுவிட்சை அணைத்து, அதில் உன் பூட்டைப் போட்டுவிட்டு, மெஷினுக்குள் படுத்திருந்தாய். ஓர் ஆபரேட்டர் அவசரத்தில் சுத்தியலால் அந்தப் பூட்டை உடைத்துவிட்டான். சுவிட்சில் கை வைப்பதற்குள் நீ வெளியே வந்துவிட்டாய்.

“யார்ரா என் பூட்ட ஒடச்சது?”

“புரொடக்‌ஷன் நிக்குதுக்கா. நீ உள்ள கிறது தெரில...”

“பூட்டு தொங்கறது தெரிஞ்சிதில்ல? நான் உள்ள கிறேன்னுதானடா அது தொங்குது!”

செருப்பைக் கழற்றினாய். அவன் உதடு கிழிந்து தாடையில் ரத்தம் வழியும் வரை நிறுத்தவில்லை. மற்றவர்கள் பிடித்து இழுத்தார்கள். பின்னால் ஒருவர், “விடுங்கப்பா, செருப்பு தேஞ்சிட்டா நிறுத்திடும்” என்றார். யாரோ சிரித்தார்கள். நான் சாப்பாட்டுக் கூடையோடு நின்றேன். அன்று மாலை குழாயடியில் நீ சொன்னாய்: “என் பூட்டுக்கு ஒரே சாவி. அது என் இடுப்புல. இன்னொருத்தங்கிட்ட டூப்ளிகேட் இருந்தா அது பூட்டே இல்ல.”

நீ அடிக்கடி சொன்ன வேறொரு வார்த்தையும் உண்டு. அது உன் சொந்த வார்த்தை அல்ல. பிரஸ் ஷாப்பில் எல்லோரும் சொல்வது. முதலில் அடித்த தகட்டை அளந்து பார்ப்பார்கள். மயிரிழையும் பிசகாமல் இருந்தால் அப்புறம் ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளலாம். “மொத பீஸ் ஓகே ஆயிட்டா மிச்சமெல்லாம் காப்பி.” நீ இட்லி ஊற்றும்போதுகூட இதைச் சொல்வாய்.

முதலாளியின் அலுவலகம் எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தில். அங்கே உட்கார்ந்து மாதேஷ் அண்ணா மெஷின்களின் புரோகிராமைப் பார்த்துக்கொள்வார். ஒவ்வொரு கோளாறுக்கும் அவர் ஓடி வர முடியாது என்பதால், யாரோ ஒரு வெளியாள் வந்து ஓர் இணைப்புப் பெட்டியை மாட்டி, பழைய பிரஸ்ஸை நேராக இன்டர்நெட்டில் திறந்து வைத்துவிட்டுப் போனார். பெட்டியோடு வந்த பாஸ்வேர்டைக்கூட மாற்றவில்லை. ஒருநாள் யாரோ, எங்கிருந்தோ, உள்ளே புகுந்து அழுத்தத்தின் அளவைத் திருகிவிட்டார்கள். தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் இரும்பு அச்சு வெடித்தது. கட்டைவிரல் பருமனில் ஒரு துண்டு எதிர்ச் சுவரில் போய்ப் பதிந்தது. அந்த இடத்துக்கு ஓரடி தள்ளி ஒரு பெண் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“தெருவுல போறவன்லாம் வந்து ஆட்டிட்டுப் போறான். வெளியாள் வேணாம் ஓனர், இத நானே பண்றேன்” என்று நீ கத்தினாயாம். “உனக்கு இங்கிலீஷ் வருமாம்மா?” என்று அவர் கேட்டாராம். “வீட்டுல ஒரு வாத்தியாரம்மா கீறா. அவ படிச்சுச் சொல்லுவா.”

அந்த வாத்தியாரம்மா நான்தான். எனக்கு அப்போது எவ்வளவு பெருமை! செய்முறைக் குறிப்புகளை நூறு பக்கத்துக்கு மேல் அச்செடுத்து, பென்சிலால் கோடிட்டுப் படித்தேன். அலுவலகத்தில் ஓர் இணைப்பு. மூக்கண்டப்பள்ளி மெஷினில் மாட்டும் புதுப் பெட்டிக்கு ஒரு சிம் கார்டு. சூளகிரியில் கட்டிக்கொண்டிருந்த புதிய ஷெட்டின் பெட்டிக்கு வேறு நிறுவனத்தின் சிம் கார்டு. சிம் கார்டில் ஓடும் பெட்டியை வெளியிலிருந்து யாரும் கூப்பிட முடியாது. அதற்கென்று வெளியுலகில் சொந்த முகவரி கிடையாது. பெட்டிதான் உள்ளிருந்து கூப்பிட வேண்டும். அதனால் மும்பையில் ஒரு கணினியை வாடகைக்கு எடுத்தோம். இரண்டு பெட்டிகளும் அலுவலகமும் அந்தக் கணினியைக் கூப்பிட்டுப் பிடித்துக்கொள்ளும். நடுவில் போவதை வேறு யாரும் படிக்க முடியாது. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் நாற்பத்துநான்கு எழுத்தில் ஒரு ரகசியச் சாவி. அந்தச் சாவி இல்லாதவனுக்குக் கதவு இருப்பதே தெரியாது. இதை நான் விளக்கியதும் நீ தொடையில் தட்டி, “அப்போ இது பூட்டுதான்!” என்றாய். உனக்கு உடனே புரிந்துவிட்டது. புரியாமல் போனது எனக்குத்தான்.

சனிக்கிழமை அந்தப் பக்கத்தைப் படித்தேன். ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சாவி போட வேண்டும், ஒன்றின் சாவியை இன்னொன்றில் போடக் கூடாது என்று அதில் இருந்தது. கோடிட்டேன். உனக்கும் வாசித்துக் காட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் முதல் பெட்டி வேலை செய்தது. சந்தோஷத்தில் என் கன்னத்தைக் கிள்ளினாய், நகம் பதிந்தது. இரண்டாவது பெட்டிக்குப் புதுச் சாவி செய்து, மும்பைக் கணினியிலும் பதிந்தேன். இணையவில்லை. எங்கோ ஓர் எழுத்தை விட்டிருப்பேன். மறுபடி செய்தேன். மறுபடியும் இணையவில்லை. அன்று மாலை மாதா கோயில் திருவிழாப் பூசையில் நான் பைபிள் வாசகம் வாசிக்க வேண்டும். மூன்று நாளாகப் பயிற்சி செய்திருந்தேன். புதுப் பாவாடை கட்டிலில் கிடந்தது. வெளியே அப்பா வண்டியில் உட்கார்ந்து ஹாரனை அடித்துக்கொண்டிருந்தார். முதல் பெட்டியின் மெமரி கார்டை, அதிலிருந்த சாவியோடு, அப்படியே நகலெடுத்து இரண்டாவதில் போட்டால் பத்து நிமிடம்.

நீதான் தடுத்தாய் அம்மா. “ஏ வாத்தியாரம்மா, ரெண்டாவதுக்கு வேற சாவி போடணும்னு நேத்து என்னமோ படிச்சியே?”

நான் சொன்னேன்: “மொத பீஸ் ஓகே ஆயிட்டா மிச்சமெல்லாம் காப்பின்னு நீதானம்மா சொல்லுவ. இதே போதும்.”

நீ சிரித்தாய். “என் வாயாலயே என்ன அடிக்கிறா பாரு.”

கையில் ஒரு சிம் கார்டுதான் இருந்தது. அதை முதல் பெட்டியில் போட்டுப் பார்த்தோம். பச்சை விளக்கு எரிந்தது. கழற்றி இரண்டாவதில் போட்டோம், அதிலும் எரிந்தது. இரண்டையும் ஒன்றாக ஓட்டிப் பார்க்கவே இல்லை. அன்று நான் நன்றாக வாசித்தேன் என்று பங்குத்தந்தை பாராட்டினார். எந்த வாசகம் என்று இப்போது எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

சூளகிரிக்கான இரண்டாவது பெட்டி ஒன்றரை மாதம் அட்டை டப்பாவுக்குள் கிடந்தது. அதுவரை எல்லாம் சரியாக நடந்தது. பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

நீ காலையில் சூளகிரிக்குப் போனாய். புதிய பிரஸ்ஸுக்கு அன்றுதான் முதல் மின்சாரம். பழைய பிரஸ்ஸின் அதே மாடல். மேல் தட்டு இறங்காமல் தாங்கும் இரும்புக் கட்டைகள் இன்னும் மூக்கண்டப்பள்ளியிலிருந்து வந்து சேரவில்லை. பெட்டியைச் செருகினாய்; பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே ஒரு சென்சார் கம்பி கழன்றிருந்தது. மின்சாரம் இருந்தால்தான் அதைச் சோதிக்க முடியும் என்பதால் மெயினை அணைத்துப் பூட்டுப் போட வழியில்லை. மெஷினை இயக்கும் பேனலுக்குப் பக்கத்தில் ஓர் ஆபரேட்டர் அக்காவை நிறுத்தினாய். “எவனாச்சும் கிட்ட வந்தா கைய ஒடிச்சிடு” என்று சொல்லிவிட்டுத் தோள்வரை உள்ளே சாய்ந்தாய்.

அதே நேரத்தில் மூக்கண்டப்பள்ளியில் பழைய பிரஸ் பாதியில் நின்றுவிட்டது. மேல் தட்டைக் கீழே இறக்கச் சொல்லி அலுவலகத்துக்குப் போன் போனது. மாதேஷ் அண்ணா கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டார்.

“எல்லாரும் தள்ளி நிக்கிறீங்களா?”

“நிக்கிறோம்.”

“கை, துணி, எதுவும் உள்ள இல்லையே?”

“ஒண்ணும் இல்ல சார், இறக்குங்க.”

அவர் அழுத்தினார். மூக்கண்டப்பள்ளியில் எதுவும் அசையவில்லை. “அசையல சார், நல்லா அமுக்குங்க” என்றார்கள். அவர் மறுபடி அழுத்தி, ஐந்து விநாடி விடாமல் பிடித்தார்.

மும்பைக் கணினிக்கு ஆளைத் தெரியாது, ஊரைத் தெரியாது. சாவியைத்தான் தெரியும். அந்தச் சாவி கடைசியாக எங்கிருந்து பேசியதோ அங்கேதான் எல்லாவற்றையும் அனுப்பும். கடைசியாகப் பேசியது சூளகிரிப் பெட்டி.

முதல் அழுத்தத்தில் மேல் தட்டு இறங்கி உன் தோளைக் கவ்விக்கொண்டது. “எவன்டா அது!” என்று கத்தினாயாம். ஆபரேட்டர் அக்கா பேனலைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. உன் இடுப்பைப் பிடித்து இழுத்தார். பிறகுதான் மெஷினை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் நினைவு வந்து ஓடினார். அதற்குள் இரண்டாவது அழுத்தம் வந்துவிட்டது. எலும்பு நொறுங்கும் சத்தம் மோட்டார் சத்தத்தை மீறிக் கேட்டது என்று சொன்னார். அவர் பொத்தானை அடித்தபோது உன் கால்கள் தரையை உதைப்பதை நிறுத்தியிருந்தன. இதையெல்லாம் அவர் அன்று மாலையே நம் வீட்டு வாசலில் மார்பில் அடித்துக்கொண்டு சொன்னார். “பேனல்ல யாருமே இல்லம்மா, சத்தியமா யாருமே இல்ல. அந்த மாதேஷ் மூக்கண்டப்பள்ளி மிஷினத்தான் அமுக்கினேங்கிறான், ஆனா இங்க இறங்குது!” கேட்டுக்கொண்டிருந்த எல்லோருக்கும் அது பேய்க் கதை. எனக்கு மட்டும் என் பென்சில் கோடு கண் முன்னால் வந்தது. அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அம்மா.

தெரிந்தும் நான் பேசவில்லை. இதை எழுதத்தான் இவ்வளவு தூரம் எழுதிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் உன்னைக் கோயில் வாசலில் வைத்திருந்தோம். சவப்பெட்டியைத் திறக்கவில்லை. மாதேஷ் அண்ணா ஒரு மாலையோடு வந்தார். மாமாவைத்தான் உனக்குத் தெரியுமே. உன் தம்பி, உன் கோபத்தில் பாதியாவது அவரிடம் இருக்கும். பந்தல் காலைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

“எங்கக்காவ நசுக்கிப் போட்டுட்டு மாலை வேற தூக்கினு வந்தியாடா?”

“அண்ணா, நான் அந்த மிஷின அமுக்கலண்ணா...”

முதல் அடி முதுகில். அவர் விழுந்ததும் மாமாவின் பட்டறை ஆட்கள் நான்கு பேர் சேர்ந்துகொண்டார்கள். நாற்காலியால் அடித்தார்கள், காலால் மிதித்தார்கள். அவருக்குத் தமிழ் மறந்துபோனது. “ஹொடீபேடி, ஹொடீபேடி” என்று கன்னடத்தில், அடிக்காதீர்கள் என்று, கதறிக்கொண்டே இருந்தார். மாலையிலிருந்த சாமந்தி இதழ்கள் அவர் வாயில் ஒட்டியிருந்தன. நான் எண்ணினேன். பந்தல் காலால் மட்டும் பதினோரு அடி. பதினோராவது அடியைத் தடுக்கக் கையைத் தூக்கினார். மணிக்கட்டு விறகு மாதிரி முறிந்தது. அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் என் கால் நகர்ந்தது.

“மாமா, விடுங்க! அவர் சரியான பட்டனத்தான் அமுக்கினாரு. ரெண்டு பெட்டியிலயும் ஒரே சாவி. நான்தான் காப்பி பண்ணேன்!”

“இன்னா பேசறா இவ? இட்டுனு போங்கடி உள்ள.”

“அம்மாவக் கொன்னது நான்!”

அப்பா என்னை அறைந்தார். வாழ்க்கையில் முதல் முறை. பல் உதட்டைக் கிழித்தது, ரத்தத்தை விழுங்கினேன். “புள்ளைக்குப் பித்து புடிச்சிக்கிச்சு” என்று பெண்கள் என்னை இழுத்துப் போனார்கள். அந்தக் குழப்பத்தில் யாரோ இருவர் மாதேஷ் அண்ணாவைத் தூக்கி நடுவில் உட்காரவைத்து வண்டியில் கொண்டு போனார்கள்.

வழக்கில் அவர் பெயரைத்தான் போட்டார்கள். அவர் அஜாக்கிரதையாகப் பொத்தானை அழுத்தினார் என்று முதலாளி எழுதிக் கொடுத்துவிட்டார். காரியம் முடிந்த அன்று மாமா என்னைத் தனியாக நிறுத்திச் சொன்னார்: “செத்தது எங்கக்கா. கொன்னது அவன். வாயத் தொறந்தே, வாயில பல்லு இருக்காது.” அப்பா என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். நான் தொழிற்சாலை ஆய்வாளருக்கு நான்கு பக்கம் கடிதம் எழுதினேன். பென்சில் கோடு போட்ட அந்தப் பக்கத்தையும் இணைத்தேன். சூளகிரி ஷெட்டுக்கு நேரில் வரச் சொல்லிப் பதில் வந்தது. அதை அப்பாவின் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் படித்தார். 

போன வாரம் அந்த நாள் வந்தது. நான் பேருந்துக்குக் கிளம்பினேன். அப்பா வண்டியை எடுத்து வாசலில் நிறுத்தி, “ஏறு” என்றார். நெடுஞ்சாலையில் லாரிகளின் சத்தத்துக்கு நடுவே, திரும்பிப் பார்க்காமல், “எல்லாத்தையும் சொல்லு” என்றார். கொஞ்ச தூரம் போனதும், “அன்னிக்கி ஹாரன் அடிச்சவன் நான்தான்னும் சொல்லு.”

ஷெட்டில் ஆய்வாளர், முதலாளி, கட்டுப்போட்ட கையோடு மாதேஷ் அண்ணா, யார் சொல்லியோ வந்துவிட்ட மாமா. உன் பிரஸ்ஸைக் கழுவிவிட்டிருந்தார்கள். நான் அதன் பக்கம் பார்க்கவில்லை. ஆய்வாளர் கழற்றி எடுத்து வைத்திருந்த அந்த இரண்டு பெட்டிகளையும் ஒரு மேசையில் வைத்தேன். இந்த முறை இரண்டு சிம் கார்டு கொண்டு போயிருந்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு விளக்கை மாட்டினேன். முதல் பெட்டியை மட்டும் போட்டுவிட்டு, மாதேஷ் அண்ணாவிடம் மடிக்கணினியைத் தள்ளினேன்.

“முதல் விளக்கப் போடுங்கண்ணா.”

இடது கையால் தட்டினார். முதல் விளக்கு எரிந்தது. அணைத்தார். இரண்டாவது பெட்டியையும் போட்டேன். பச்சை வந்தது.

“இப்பவும் அதே முதல் விளக்கப் போடுங்க.”

தட்டினார். எரிந்தது இரண்டாவது விளக்கு.

 மாதேஷ் அண்ணா கட்டுப்போட்ட கையால் மேசையைக் குத்தினார். “அக்கா, அக்கா” என்று சொல்லிக்கொண்டே குத்தினார். மாவுக்கட்டு விரிசல் விட்டது. மாமா என்னை நோக்கிக் கையை ஓங்கிக்கொண்டு இரண்டடி வந்தார். அப்பா நடுவில் வந்து நின்றார். மாமாவின் கை அந்தரத்தில் அப்படியே நின்றது. பிறகு அவர் திரும்பிப் போய், பிரஸ்ஸின் இரும்புத் தூணில் தலையை மோதத் தொடங்கினார். மூன்று பேர் சேர்ந்து பிடிக்க வேண்டியிருந்தது. நெற்றியிலிருந்து ரத்தம் மூக்குவரை வழிந்தது. பிறகு மாமா மாதேஷ் அண்ணாவின் காலடியில் உட்கார்ந்து அவருடைய உடைந்த கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கத் தெரியாது அவருக்கு.

“சாவிய நீ காப்பி பண்ணது தப்புதான்” என்றார் ஆய்வாளர் எழுதிக்கொண்டே. “ஆனா மிஷின் பக்கத்துல ஆளே இல்லாம, தொலைவுல இருந்து பிரஸ்ஸ அசைக்கலாம்னு விட்டது யாரு? கட்டை வராம கரன்ட் குடுக்கச் சொன்னது யாரு? அதையும் எழுதறேன்.” முதலாளி தரையைப் பார்த்தார். மாதேஷ் பேரில் தவறில்லை என்று போலீசுக்கு அறிக்கை போகும் என்றார் ஆய்வாளர்.

அவர் சொன்னதை எழுதிவிட்டேன். அதனால் என் குற்றத்தில் எதுவும் குறையவில்லை. நீ எனக்கு இரண்டு வார்த்தை கொடுத்திருந்தாய், அம்மா. ஒன்று பூட்டைப் பற்றியது, உன் உயிரைக் காத்தது; ஒன்று தகட்டைப் பற்றியது. புதுப் பாவாடைக்காக நான் தகட்டுக்கு உரியதை எடுத்து உன்மேல் போட்டேன். நீ சிரித்தாயே, அந்தச் சிரிப்பு என்னிடம் இருக்கிறது. கூடவே அந்தப் பதினோரு அடியும். வேதியியல் ஆய்வகத்தில், வாசகம் வாசிக்கையில், எங்கே நின்றாலும் இருக்கிறது. “இதே போதும்” என்று இப்போதெல்லாம் எனக்குச் சொல்ல வருவதில்லை.

கிளம்புமுன் இரண்டாவது பெட்டிக்குத் தனிச் சாவி ஒன்று செய்தேன். நாற்பத்துநான்கு எழுத்தையும் இரண்டு முறை சரிபார்த்தேன். அரை மணி நேரம் ஆனது, யாரும் அவசரப்படுத்தவில்லை. மாதேஷ் அண்ணா முதல் விளக்கைப் போட்டார். முதல் விளக்கு எரிந்தது. இரண்டாவதைப் போட்டார், இரண்டாவது எரிந்தது. ஆய்வாளர் தாளில் கையெழுத்துக் கேட்டார். நான் போட்டேன், எனக்குக் கீழே அப்பா போட்டார். விளக்குகள் அணைக்கப்பட்டன.